காலி டேப்பில் ஒரு அலறல்

காசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் வேலை பார்ப்பவன், ஊரார் ரசனை முழுவதையும் தன் காதில் வாங்கிக்கொள்ள வேண்டியவன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு இப்போது தாம்பரம் திரும்பியிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த கடையில் இன்று செல்போன் உறை விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்குக் கேட்பது என்னவோ அந்த ஒரு ஆல்பம்தான்.

ரிப்பேர்

என்னோடு படித்த ஜான்சன், பள்ளிக்கரணையில் ஒரு தகர ஷெட்டில் ரகசியமாக ராக் இசைக்குழு நடத்திவந்தான். அவர்களே பதிந்த ஆல்பத்தைக் கொண்டுவந்து காப்பி போடச் சொன்னான். "போஸ்ட் பங்க், மச்சான். ராக்லயே ஒரு ரகம். எங்கப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. பாங்க் பரீட்சைக்குக் கோச்சிங் போறேன்னு நினைச்சிட்டிருக்காரு. தெரிஞ்சா கிதாரை உடைச்சிடுவாரு."

ஓடவிட்டேன். கூரைமேல் ஜல்லி கொட்டுவதுபோல டிரம்ஸ். அதற்கும் மேலே ஜான்சனின் அலறல். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் குரல் எழும்பாத பையன். முதலாளி ஏழுமலை அண்ணன் பாய்ந்து வந்து டெக்கை நிறுத்தினார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் உரசும் ஹெட்டைத் துடைத்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தார். திரும்பப் போட்டார். அதே அலறல். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மெஷினு நல்லாத்தான் கீது. பாடறவனுக்குத்தான் இன்னாவோ ஆயிப்போச்சு."

ஊசி

அன்றே அண்ணன் உத்தரவு போட்டார்: அந்தக் காசெட் ஓடும்போது சத்தத்தை முழுசாக மூடிவிட வேண்டும், பதிவாவதைக் காட்டும் மீட்டரில் ஊசி ஆடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பக்திப் பாடல் வாங்க வந்த கோவிலம்பாக்கத்து அக்கா, கைப்பையை மார்போடு அணைத்தபடி படியிலேயே நின்று கேட்டதுதான் காரணம்:

"உள்ள யாரையாவது போட்டு அடிக்கிறீங்களா, தம்பி?"

மிச்சம்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கேட்ட பாட்டெல்லாம் பதிந்த பிறகு டேப் மிச்சமிருந்தால் காலியாக விட மாட்டோம். பக்கத்து டெக்கில் எது கிடக்கிறதோ அதிலிருந்து ஒரு பாட்டை இழுத்து நிரப்பிவிடுவோம். நான் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், கிறிஸ்தவக் கீர்த்தனைகள் கேட்டு வந்த ஒருவருக்கு அண்ணன் அப்படி நிரப்பிக் கொடுத்திருக்கிறார். சத்தம் மூடியிருந்தது, ஊசி நன்றாக ஆடியிருக்கிறது.

மறுநாள் அந்த மனிதர் கடை வாசலில் நின்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜான்சனின் அப்பா. ரயில்வே ஆபீஸில் வேலை. சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. காசெட்டைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"கீர்த்தனை முடிஞ்சதும் என் பையன் குரல். 'சாப்பிடும்போது பேசாதே, பேசாதே'ன்னு கத்துறான். அது நான் தினம் சொல்றது."

கிதார் போயிற்று என்று நினைத்தேன். அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "தப்பாயிடுச்சு சார், அழிச்சிட்டு வேற போட்டுத் தரேன்" என்று கையை நீட்டினார். அவர் காசெட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழிக்காதீங்க. வீட்ல அவன் வாயே திறக்கறதில்ல. மிச்சப் பாட்டையும் பதிஞ்சு குடுங்க. நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்ல வேண்டாம்."

அந்த ஆல்பத்தைத் தானாக வந்து கேட்டு வாங்கிப்போன ஒரே ரசிகர், அது யாருக்குத் தெரியவே கூடாதோ அவர்தான்.