விளிம்பு தேடும் கட்டைவிரல்

லிசார்தோவின் குளத்துக்கும் எங்கள் குளத்துக்கும் நடுவே ஒரு மணல் வரப்புதான். பெரு நாட்டுக் கடற்கரை ஊரான எங்கள் உவான்சாக்கோவில் மீன்பிடிக் குடும்பங்களுக்குக் கடலோரமாகத் தோண்டிய குளங்கள் உண்டு. படகு கட்டுகிற கோரை அங்கேதான் வளரும். லிசார்தோ கடலுக்குப் போகிறவர் அல்ல. கோரையை வெட்டி, காயவைத்து, போகிறவர்களுக்குக் கொடுப்பவர்.

படகுக்கு ஆவது தொத்தோரா என்கிற கோரை. அதோடு ஒண்டி முளைக்கும் ஹுங்கோ பாய் முடையத்தான் ஆகும். பச்சையாக நிற்கையில் உயரம் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டி, காய்ந்து, நுனி நறுக்கிவிட்டால் இரண்டும் ஒரே பழுப்பு. தண்டைக் கட்டைவிரலில் உருட்டித்தான் பார்க்க வேண்டும். தொத்தோரா மழுங்கலாக உருளும். ஹுங்கோவின் மூன்று விளிம்புகளும் விரலில் தட்டும். அதன் உள்ளே காற்று குறைவு, சீக்கிரம் தண்ணீர் குடித்துவிடும்.

லிசார்தோ வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டே பிரித்துப்போடுவார். "பொண்டாட்டி கையப் புடிச்சாக்கூட இந்தாளு ஒரு தடவ உருட்டித்தான் பாப்பாரு" என்பார்கள்.

அந்த வருஷம் ஏப்ரலில் கடல் பொங்கிக் குளங்களுக்குள் வந்தது. உப்பு ஏறியதும் அவர் குளத்தின் மேற்கு மூலையில் ஹுங்கோ மண்டிவிட்டது. மே மாதம் தியோபிலோ அவரிடம் கோரை வாங்கிப் புதுப் படகு கட்டினான். கட்டி முடித்த ஒன்பதாம் நாள் காலை அதில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அன்று கடல் துணி விரித்ததுபோல் கிடந்தது.

மறுநாள் படகு மட்டும் கரைக்கு வந்தது. முதலில் பார்த்தது லிசார்தோவும் நானும். மூங்கில் துடுப்பு கயிற்றுக்கடியில் செருகி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. தவறி விழுகிறவன் துடுப்பைக் கட்டிவைப்பதில்லை. அவர் முடிச்சுகளை அவிழ்த்தார். துடுப்பைத் தோளில் வைத்துப் போய் எங்கள் வேலி மூங்கில்களோடு சாத்தினார்.

"நீ ஒண்ணும் பாக்கல."

"பாக்கலண்ணே."

மூன்றாம் நாள் தியோபிலோவின் மனைவி எதெல்மிரா, அவன் அண்ணனோடு வந்தாள். படகு லிசார்தோவின் முற்றத்தில் கிடந்தது. அவள் கண்கள் காய்ந்திருந்தன.

"அவரு அலையிலயே வளந்தவருண்ணே. சும்மா கெடக்குற கடல்ல அவருக்கு என்ன வரும்? ஊர்ல என்னென்னமோ மெல்லப் பேசுறாங்க. படகுலதான் கோளாறுன்னு நான் சொல்றேன். ஒங்க குளத்துல ஹுங்கோ ஏறிருச்சாமே, நெசமா?"

அவர் கயிறுகளை அறுத்தார். கோரைக் கட்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருட்டத் தொடங்கினார். என் பங்கில் நானூறுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட விரல் தட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தட்டவில்லை என்று தெரிந்தது.

"என்னதான் சொல்லுது ஒம்ம வெரலு?" என்றான் அண்ணன்.

லிசார்தோ எதெல்மிராவைப் பார்த்தார். அவள் கோரையைப் பார்க்கவில்லை. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலந்துதாம்மா இருக்கு" என்றார். "என் தப்புதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழ வந்தது அவளுக்கு. பசித்தவள் சாப்பிடுவதுபோல அழுதாள். அண்ணன் அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் லிசார்தோ கோரை மொத்தத்துக்கும் தீ வைத்தார். வேறு எந்த விரலும் அதைத் தொடக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

அதற்குப் பிறகு படகுக்கென்று யாரும் அவரிடம் வாங்கவில்லை. பாய்க்கு மட்டும் வாங்கினார்கள். ஜூனில் புனித பேதுருவின் திருவிழாவில், எல்லோர் முன்னாலும் எதெல்மிரா அவரிடம் வந்தாள். "மன்னிச்சிட்டேண்ணே" என்றாள். அவர் தலை குனிந்தார். பொய்க்காகக் குனிந்த தலைபோல எனக்குத் தோன்றவில்லை, நிஜமாகவே தப்புச் செய்தவர் குனிவதுபோல இருந்தது.

பிறகு அவருடைய விரல் மாறத் தொடங்கியது. ஒரு தண்டை உருட்டுவார், நிறுத்துவார், திருப்பி உருட்டுவார். நல்ல தொத்தோராவை எடுத்துக் கழிவில் போடுவார். கழிவுக்குவியல் நல்லதைவிட உயரமாகிக்கொண்டே போனது. தேவாலயத்தில் கையில் கொடுத்த மெழுகுவத்தியைப் பூசை முடியும்வரை உருட்டிக்கொண்டிருந்தார். எதிரே வருகிறவர்கள் அவர் கையைப் பார்த்துவிட்டுத் தெருவின் மறுபக்கம் போனார்கள்.

போன வாரம் வரப்பில் வந்து நின்றார். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தார்.

"தம்பி, அன்னிக்கு ஒம் பங்குல எத்தன இருந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்லண்ணே. அத்தனையும் நல்ல கோரை. நான் ஒவ்வொண்ணா உருட்டுனேன்."

"நெசமா?"

"நெசமாத்தாண்ணே."

என்னை வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் நகர்ந்துகொண்டே இருந்தது, நடுவே எதுவும் இல்லாமல்.

"நானும் அன்னிக்கு எதெல்மிராகிட்ட இப்படித்தான் சொன்னேன் தம்பி," என்றார், "மொகத்தப் பாத்துட்டு, அதுக்கு ஏத்த மாதிரி."