நூற்று நான்காம் பாடலும் ஒரு புதிய வள்ளமும்

என் குறிப்பேட்டில் 8.4.1961, சனிக்கிழமை என்ற திகதியின் கீழ் ஒரு வரிதான் இருக்கிறது: “முல்லைத்தீவு. புது வள்ளம். என் பிழை.”

அப்போது முரசுமோட்டையில் நெல் விதைத்துக்கொண்டிருந்தேன். பாம்பின் பெயர் கொண்ட இடங்களைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. எங்கள் பக்கத்து நாகர்கோவிலை எழுதிய தாளிலேயே, எபிரேய வேதத்தில் வரும் எருசலேமின் வலுசர்ப்பக் கிணற்றையும் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தேடலில்தான் லிவியாதான் என்ற கடற்பூதம் அகப்பட்டது. யோபுவின் கதையில் அது தூண்டிலுக்கு அடங்காதது. சங்கீதப் புத்தகத்தில் உள்ள ஒரு துதிப்பாடலிலோ, கப்பல்கள் ஓடும் கடலில் விளையாடுவதற்கென்றே கடவுள் அதைப் படைத்திருக்கிறார்.

இதை முல்லைத்தீவில் எனக்குப் பழக்கமான கத்தோலிக்க மீனவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் புது வள்ளம் இறக்க இருந்தார்.

“விளையாடவோ, அண்ணை? அப்ப என்ர வள்ளத்தையும் விளையாட விடுவார். சுவாமி வந்து வள்ளத்தை மந்திரிச்சு ஆசீர்வதிக்கேக்கை அந்தப் பாட்டைத்தான் வாசிக்கோணும். நம்பரை எழுதித் தாங்கோ.”

104 என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, சுவாமியார் லத்தீன் செபங்களை முடித்து, நான் கொடுத்த கடதாசித் துண்டில் இருந்த எண்ணைப் பார்த்துத் தமிழில் வாசிக்கத் தொடங்கினார். கடற்பூதம் வரவில்லை. எகிப்தின் வாதைகள் வந்தன. தண்ணீர் இரத்தமானது; மீன்கள் செத்தன.

“ஐயோ சுவாமி, நிப்பாட்டுங்கோ!” என்றார் மீனவரின் மனைவி.

வள்ளத்தைத் தள்ள நின்ற நால்வரும் கையை எடுத்துவிட்டார்கள். “மீன் செத்ததெண்டு வாசிச்ச வள்ளத்திலை நான் ஏறமாட்டன்” என்றார் அவர்களில் மூத்தவர்.

“நெல்லு விதைக்கிறவரிட்டைக் கேட்டால் வேறை என்ன வரும்?” என்றார் இன்னொருவர்.

மீனவ நண்பர் என்னைப் பார்க்கவில்லை. முதல் நாளே ஆட்கள் மறுத்த வள்ளத்துக்குப் பிறகு ஆள் கிடைப்பது கடினம்.

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். நான் படித்தது புரட்டஸ்தாந்தருடைய பதிப்பு. சுவாமியாருடையதில் ஒன்பதாம், பத்தாம் பாடல்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அதன் பிறகு எண் ஒன்று குறைந்தே வந்தது. என் பாடல் அதில் 103.

சுவாமியார் சிரித்தார். “பிழை ஆரின்ரையும் இல்லை, பாட்டுகளை எண்ணினவையின்ர” என்று சொல்லிவிட்டு, 103ஐ முழுவதும் வாசித்தார்.

கடற்பூதம் விளையாடும் இடம் வந்ததும் மூத்தவர், “அதை இன்னொருக்கா வாசியுங்கோ, சுவாமி” என்றார். வாசித்தார். வள்ளம் இறங்கியது. பின்னேரம் பாரை மீனோடு திரும்பியது. இரண்டு மீன்கள் என்னோடு பஸ்ஸில் முரசுமோட்டைக்கு வந்தன.

1966இல் மறுபடி போனபோது, வள்ளம் இறக்கிய அந்தக் கரையைச் சிலர் “நூற்றிமூண்டு” என்று சொல்வதைக் கேட்டேன். அன்றைய வாசிப்பால் வந்த பெயரா, அங்கே நிற்கும் நில அளவைக் கல்லின் எண்ணா? கல்லில் எண் தேய்ந்துவிட்டது. நில அளவைக் காரியாலயத்துக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. இது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.