லைன் நின்ற வாரத்தில் ஒரு மெஸ்

போன வருடம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு புது நகரில்தான் எங்கள் வீடு. எதிரே வரிசையாக வாடகை அறைகள். திருநெல்வேலி, தென்காசி பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் அந்த அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள்.

நான் கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பெர்மனென்ட். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் பக்கம் எவ்வளவு மதிப்பு என்று இங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். என் கணவருக்கு கான்ட்ராக்ட் வேலை. இன்று உண்டு, நாளைக்குத் தெரியாது. என் அம்மாவின் இதய வைத்தியமும் இந்த வேலையால் கிடைத்த என் இ.எஸ்.ஐ. கார்டில்தான் நடக்கிறது. இத்தனையும் தெரிந்துதான் அந்த வேலையை விடப் பார்த்தேன்.

காரணம், என் சமையல் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை விருந்துக்கு நான் குழம்பு வைத்தால், பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுவதற்கென்றே நாலு பேர் காத்திருப்பார்கள். வருடக்கணக்காக ஒயரில் டேப் சுற்றிக்கொண்டிருக்கிறோமே, இந்தக் கையால் ஒரு மெஸ் நடத்தினால் என்ன என்ற ஆசை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஏதோ ஒரு பாகம் வந்து சேரவில்லை என்று ஒரு பெரிய கார் கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றது. அங்கே நின்றால் அவர்களுக்குச் சப்ளை செய்யும் எல்லா இடத்திலும் நிற்கும். "நாளை முதல் வர வேண்டாம், பிறகு சொல்கிறோம்" என்று எங்களுக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. எந்த நேரம் திரும்பக் கூப்பிடுவார்களோ என்று எதிர் அறைப் பையன்கள் ஊருக்கும் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர்களில் ஒருவன் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யக்கா, இங்கன பக்கத்துல எங்கயாச்சும் சோறு கெடைக்குமா?"

அன்று வீட்டில் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அந்த வாசம்தான் அவனை நேராக எங்கள் வாசலுக்கு இழுத்து வந்திருக்க வேண்டும். உட்கார வைத்துப் போட்டேன். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் பணத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதற்கு அடுத்த நாள் யார் யாரோ வந்தார்கள். என் கணவர் வாசலில் தார்ப்பாய் கட்டி, சர்ச்சிலிருந்து நாற்காலி வாங்கி வந்து போட்டார். சாதம் வடிக்க வடிக்கத் தீர்ந்தது. "எங்கம்மா வைக்கிற மாதிரியே இருக்குக்கா" என்று ஒருத்தன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையல்கட்டுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அவனுக்கு இன்னொரு மீன் வைத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் நான் முதலாளி ஆகிவிட்டேன், மனசுக்குள். தெருமுனையில் ஒரு கடை காலியாகக் கிடந்தது. அதன் ஓனரைப் பார்த்து, அடுப்பை எங்கே போடலாம், புகைக்குழாயை எந்தப் பக்கம் விடலாம் என்றெல்லாம் கேட்டுவிட்டு வந்தேன். அவரும் தாராளமாக எடுத்துக்கோ என்றார். அட்வான்ஸ் கொடுப்பதுதான் பாக்கி. கம்பெனி திறந்ததும் பேப்பர் போட்டுவிடுவது, அதாவது ராஜினாமா கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் கணவர் தயங்கினார். "உங்க அம்மா வைத்தியம் உன் கார்டுலதான் ஓடிகினு கீது. அத்த நெனப்புல வச்சிகினு பேசு."

"மெஸ்ஸு ஓடுற ஓட்டத்துக்கு எந்த ஆஸ்பத்திரில வேணா பாத்துக்கலாம். நீ ஒண்ணும் பயப்படாத" என்றேன்.

"நான் சொன்னா மட்டும் கேட்டுடப் போறியா?" என்று எழுந்து போய்விட்டார். அதைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன். நல்ல விஷயம் நடக்கும்போது இந்த மனுஷன் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்று கோபம்கூட வந்தது.

லைன் திரும்ப ஓட ஆரம்பித்தது. முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். எச்.ஆர். மேடம் மீட்டிங்கில் இருந்தார். சாப்பாடு முடிந்து வரச் சொன்னார்கள். சரி என்று கேன்டீனுக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

"யக்கா! இங்கன வாங்க, எடம் இருக்கு!"

திரும்பிப் பார்த்தேன். என் மெஸ்ஸில் சாப்பிட்ட பையன்கள்! எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவர்கள், ஒரு மேசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். என் தார்ப்பாயின் கீழ் பார்த்த அதே முகங்கள். சாதத்தைக் குவித்து, சாம்பாரைக் குளம் கட்டி, சந்தோஷமாகப் பிசைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு வாய் வைத்தேன்.

"ஞாயித்துக்கெழம மெஸ்ஸு உண்டும்லாக்கா?" என்றான் முதல் நாள் வந்தவன்.

"ஞாயித்துக்கிழமை நாங்க சர்ச்சுக்குப் போயிடுவோமே. மத்த நாள்ல வாங்க."

அவன் கொஞ்சம் சங்கடப்பட்டான். "மத்த நாளு இங்கனயே தின்னுருவோம்லாக்கா. ஓ.டி. பாத்தா டிபனும் குடுத்துருதான். ராத்திரிக்கு ரூம்ல ஆள் மாத்தி ஆள் பொங்கிக்கிடுவோம். லைன் நின்ன அன்னைக்கு எல்லா ஷிஃப்ட் ஆளும் ஒண்ணா ரூம்ல கெடந்தோம், அடுப்பு ஒண்ணே ஒண்ணு. அதாங்க்கா ஒங்க வீட்டுக்கு வந்தோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே எல்லா கம்பெனியிலும் கேன்டீன் உண்டு. எனக்கு இது தெரியாதா? பத்து வருடமாக அதே கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டு, அதே சாம்பாரைத் திட்டிக்கொண்டு இருக்கிறேன். வேலை நாளில் ஒரு நாளாவது வெளியே காசு கொடுத்துச் சாப்பிட்டிருப்பேனா? கேன்டீன் எல்லாம் மூடிக் கிடந்த ஒரு வாரத்தில் கடை போட்டுப் பார்த்துவிட்டு, வருடம் பூரா இப்படித்தான் ஓடும் என்று நம்பி, அம்மாவின் வைத்தியத்தை அடகு வைக்கக் கிளம்பியிருக்கிறேன்.

கை கழுவினேன். எச்.ஆர். பக்கம் போகாமல் நேராக என் லைனுக்குப் போய் டேப் சுற்ற உட்கார்ந்தேன். நினைப்பு எங்கேயோ இருந்ததில் முதல் கட்டு கோணலாகப் போய், சூப்பர்வைசரிடம் ஒரு பாட்டு வாங்கினேன். அன்று அந்தப் பாட்டும் இனிமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, "நான்தான் சொன்னேன்ல" என்று குத்திக் காட்டவும் இல்லை. "வா, கடைக்காரர்ட்ட சொல்லிட்டு வந்துடலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

கடை ஓனர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீயும் வேணாம்ன்றியா? இதுக்கு முன்னாடி இந்தக் கடையில ரெண்டு பேரு மெஸ்ஸுதாம்மா போட்டாங்க. ஓடல. காலி பண்ணிகினு பூட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "இத்த அன்னிக்கே சொல்லக் கூடாதா அண்ணே?"

"நீ எங்கம்மா கேட்ட? அடுப்ப எங்க வைக்கலாம்னுதான கேட்ட!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் கடையை வாடகைக்கு விடுகிறவர், எனக்கு யோசனை சொல்கிறவர் இல்லை.

மெஸ் ஆசை இன்னும் போகவில்லை. ஒரு நாள் ஏதோ ஒரு தொழில் செய்யத்தான் போகிறேன். ஆனால் என் சமையலை யாராவது புகழும்போதெல்லாம் இப்போதும் அந்த வாரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது: வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் குழம்பு எப்படி இருக்கிறது என்று வாய் ஓயாமல் கேட்டேனே தவிர, நாளைக்கு எங்கே சாப்பிடுவீர்கள் என்று ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.