வடிக்காமல் விட்ட ரோடியம்

ஆலோசனைப் படிவம், விதி நான்கு: ஊழியர் தரும் ஆலோசனைக்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். விதி ஐந்து: பதில் வரும்வரை அந்த விஷயத்தில் நிரந்தர மாற்றம் எதுவும் செய்யக்கூடாது. நான்காம் விதியை எங்கள் ஆலையில் யாரும் மதித்ததில்லை. ஐந்தாம் விதி இருப்பது எனக்கு மட்டுமே தெரியும். எழுதியவன் நான்; படிவம் வாங்கி முத்திரை குத்துவதும் என் வேலை.

புரோப்பிலீனை ஆல்டிஹைடாக்கும் எங்கள் உலையில் ரோடியம் வினையூக்கி செத்துவிட்டதென்று மேலாளர் முடிவுகட்டியிருந்தார். அடுத்த வாரம் உலையிலிருப்பதை முழுவதும் வடித்து, ரோடியத்தைப் பிரித்தெடுக்கும் மீட்பு ஆலைக்கு அனுப்புவதாகத் திட்டம். தாம்பரத்தில் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில், கீழ்க்கட்டளையிலிருந்து வரும் ஷிப்ட் ஆபரேட்டர் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், ரோடியம் சாவல. செத்திருந்தா வேகம் விழுந்திருக்கணும். வேகம் அப்படியே கீது. நமக்கு வேண்டிய நேர் ஆல்டிஹைடு குறைஞ்சு, வேண்டாத கிளை ஆல்டிஹைடு ஏறிகினு போவுது. ரோடியத்துக்குத் துணையா கூட இருக்கிற பாஸ்பீன்தான் பத்தல."

"லேப் ரிப்போர்ட்ல பாஸ்பீன் சரியா இருக்கேம்மா?"

"அவங்க மொத்த பாஸ்பரஸ எண்ணுறாங்க. காத்து பட்டுக் கெட்டுப்போனதும் அதுல சேர்த்தி. செத்தவங்களையும் வெச்சிருக்கிற வோட்டர் லிஸ்ட் மாதிரி."

பின்சீட்டு வரை பஸ்ஸே சிரித்தது. மாதாமாதம் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவன் என்பதால் நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன். பையிலிருந்து ஆலோசனைப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினேன். குரோம்பேட்டைக்காரர் ஒருவரிடம் பேனா வாங்கி, மறைமலை நகர் வருவதற்குள் அவர் அதை நிரப்பினார். நான் சாட்சிக் கையெழுத்திட்டு, 'பெறப்பட்டது' முத்திரை குத்தினேன்.

"ஒரு காகிதத்துக்காக வேலைய நிறுத்தணுமா சார்?" என்று மேலாளர் பாய்ந்தார்.

"விதி ஐந்து."

"அப்ப பதிலப் போடுங்க!"

"போட வேண்டியது தலைமையகக் குழு சார். அவங்க எப்பக் கூடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

பாஸ்பீன் சேர்ப்பது ஆபரேட்டரின் அன்றாட வேலை; அதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை. அவர் சேர்த்தார். பாஸ்பீன் தொட்டிக்கு நைட்ரஜன் போகும் குழாய் அடைத்திருந்ததைக் கண்டுபிடித்து, காற்று நுழையாமல் அதையும் சரிசெய்தார். இரண்டே வாரத்தில் நேர் ஆல்டிஹைடு பழைய அளவுக்கு ஏறியது. மறுநாள் அவர் வீட்டு பிரியாணி அண்டாவோடு பஸ் ஏறியது. மேலாளர் மூன்றாம் முறை வாங்கும்போது, "இதுக்கும் படிவம் உண்டா?" என்றார்.

நான் ஓய்வு பெற்றேன். ரோடியம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அடிக்கடி போன் செய்வார்: "சார், நம்ம பதில் இன்னா ஆச்சு?"

சாட்சிக் கையெழுத்து என்னுடையது என்பதால் ஒரு நகல் செம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தது: 'ஆலோசனை ஏற்கப்பட்டது. வினையூக்கியை வடிக்காமல் சோதித்துப் பார்க்கலாம்.' மேலே, முழு முகவரியோடு அவர் பெயர். உடனே அவருக்குப் போன் செய்து இரண்டு முறை படித்துக் காட்டினேன். பதில் வந்தது முப்பது நாள் கெடு முடிந்து ஒன்பது மாதம் கழித்து, போகிப் பண்டிகையன்று.