கோப்பிக்குக் கிடைத்த தவணை

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்போதெல்லாம் எங்கள் ஆட்டுக்கு ஆயுள் கூடும். கேட்க விசித்திரமாக இருக்கும். பாலோ என்ற சிற்றூரில் எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. குளுவாங் ஆஸ்பத்திரியில் அம்மாவின் மார்பைப் படம் எடுத்துப் பார்த்ததில், பட்டாணி அளவுக்கு ஏதோ தெரிந்ததாம். புற்றுநோய் மாதிரி இல்லை, ஆனாலும் இல்லவே இல்லை என்று இப்போதே சொல்லிவிட முடியாது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றாராம் டாக்டர். மதில் மேல் பூனை என்பார்களே, அந்தப் பூனையை மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்தாள் அம்மா.

அப்பா செம்பனைத் தோட்டத்து லாரி டிரைவர். சும்மா காத்திருக்கத் தெரியாதவர். ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் வந்துவிட்டால் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதாக அன்றைக்கே நேர்ந்துகொண்டார். குட்டியும் வந்தது. காப்பியின் பழுப்பு நிறம், அதனால் கோப்பி என்று பேர் வைத்தேன். நேர்ந்த ஆட்டுக்குப் பேர் வைக்காதே என்றாள் அம்மா. அதற்குள் அது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

ஆறு மாதம் போயிற்று. மாற்றமில்லை, இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நானோ வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய்க் கோப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அடுத்த முறையும் அதே பதில், தவணை மட்டும் ஒரு வருஷம். கோயிலில் அப்பா ஒன்றை வேண்டிக்கொள்ள, பக்கத்திலேயே நின்று டாக்டர் எப்போதும் இப்படியே சொல்லவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். முனியாண்டியின் பாடு எவ்வளவு சங்கடம் பாருங்கள்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வரும்போதெல்லாம் ஆட்டின் முதுகைத் தட்டிப் பார்ப்பார்.

"அலமாக், மச்சான், இன்னும் ஒரு வருஷமா? அப்புறம் குக்கர்லகூட வேகாதுலா," என்று அலுத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரித் தேதி நெருங்கினால் அம்மா விடியுமுன்னே எழுந்துவிடுவாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதும் கொட்டகையில் ஆட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில் அந்த வார்த்தை வந்தது. ஒன்றுமில்லை, இனி எல்லாரையும்போல வழக்கமான சோதனைக்கு வந்தால் போதும். அப்பா காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதாராம். ஞாயிற்றுக்கிழமை மாமா பெரிய சட்டியோடு வந்திறங்கினார். நான் கயிற்றை விடாமல் அழுதேன். அம்மா அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, கோப்பியைக் கோயிலுக்கு நடத்திப்போனாள். பூசாரி ஆட்டின்மேல் தண்ணீர் தெளிக்கக் கையைத் தூக்கினார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"வெட்ட வேணாங்க. கோயிலுக்கே விட்டுடுறேன்."

"நேந்தது நேந்ததுதான், தங்கச்சி. சாமி கோவிச்சுக்கும்லா," என்றார் மாமா.

"கோவிச்சா நான் பேசிக்கிறேண்ணே. ரெண்டு வருஷமா தேதிய பாத்து உக்காந்திருந்தது நான் மட்டுமா?"

அப்பாதான் முதலில் மாலையை எடுத்துக் கோப்பியின் கழுத்தில் போட்டார்.

மாமா அன்றைக்குக் கோழிக்கறியோடு சமாதானமானார். என் அழுகைதான் ஆட்டைக் காப்பாற்றியது என்று வெகுநாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் மறுத்ததில்லை. அந்த விடியற்காலைகளில் அவள் தழை போடத்தான் கொட்டகைக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.