அக்கா கொடுத்த கார் சீட்

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய துணியைத்தான் முதலில் போடவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதே நினைப்பில் அக்கா, தன் இரண்டு பிள்ளைகளையும் காரில் உட்காரவைத்துக் கட்டிய குழந்தை சீட்டை என் மகளுக்குக் கொடுத்தாள். நானும் பூரித்துப்போய் வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து, சிந்திய பாலைக் கழுவக் கவிழ்த்தபோதுதான் அடியில் பதித்திருந்த தேதியைப் பார்த்தேன். மகள் பிறப்பதற்கு முன்பே அதன் ஆயுள் முடிந்திருந்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து பிளாஸ்டிக் இற்றுப்போகுமாம். அக்காவுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"சீட் என்ன மருந்தாடி, டேட் பாத்து எறியறதுக்கு?" என்று சிரித்தாள்.

இனி எந்தப் பிள்ளையும் அதில் உட்காரக்கூடாதென்று கறிக்கத்தியால் வார்களை அறுத்தேன். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுத் தெருவில் சீட்டைத் தூக்கிப் போட்டுச் சுத்தியலை ஓங்கினேன். பழைய சாமான் எடுக்க வந்தவர் ஓடிவந்தார்.

"ஒடைக்காதீங்கக்கா, நல்லாத்தானே இருக்கு. வாரத் தெச்சு என் தம்பி பிள்ளைக்குக் குடுத்துருவேன்."

"தள்ளிப் போங்க. இல்லேன்னா உங்க மண்டைலதான் விழும்."

பத்து அடியாவது வேண்டும் என்று நினைத்திருந்தேன். முதல் அடியிலேயே பப்படம் மாதிரி நொறுங்கியது. அன்று காலையில்கூடக் காரில் வைட்டிலா வரை அதில்தான் என் மகளை இறுக்கிக் கட்டிக் கூட்டிப்போயிருந்தேன்.