என் அண்ணன் அணைக்க மறுத்த மைக்

எனக்கும் என் அண்ணனுக்கும் சண்டை வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கோயிலில் திருப்பலிப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடும். பெண்கள் பீடத்தருகே நின்று பைபிள் வாசகம் படிக்கலாமா, நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்கலாமா, கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப்பேரவையை மக்கள் தேர்ந்தெடுப்பதா சாமியார் நியமிப்பதா என்று ஒன்று விடாமல் மல்லுக்கு நிற்போம். அண்ணி தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, "ரெண்டு பிஷப்பும் கை கழுவிட்டு வாங்க" என்பார்.

அண்ணன் எப்போதும் ஒரே கட்சிதான். சாமியார் சொன்னால் சொன்னது. கோயிலில் ஓட்டுப் போடுவது, கை தூக்குவது, கேள்வி கேட்பது எல்லாம் அவருக்கு எட்டிக்காய். நற்கருணையை முழந்தாளிட்டு நாக்கில்தான் வாங்குவார். என்னை "வாயாடி" என்று கூப்பிடுவதை என் கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை.

அவருக்குத் தொழில் மிக்சி, ஃபேன், ரேடியோ ரிப்பேர். கடைத்தெரு முனையில், ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத ஒரு கடை. ஆனால் ஊருக்குள் அவர் பெயர் மைக்செட்காரர். இருபத்தாறு வருடமாகக் கோயிலின் கடைசித் தூணருகே ஒரு மேசை, அதன்மேல் தன் கையாலேயே பூட்டிய ஆம்ப்ளிஃபயர். பாடற்குழுவில் யார் மைக்கை விழுங்கப் போவது போல நிற்பார், யார் வரியின் கடைசிச் சொல்லை முழுங்குவார் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். நான் முதன்முதலாக வாசகம் படித்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் என் குரல் வாசல்படிவரை கணீரென்று கேட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "நீ படிக்கக் கூடாதுங்கறது என் கருத்து. நீ படிக்கிறது கேக்கக் கூடாதுன்னு பண்றது என் வேலை இல்ல" என்றார். அன்றைக்கும் எங்களுக்குச் சண்டைதான்.

இப்போதைய பங்குச்சாமியார் வந்த மூன்றாம் மாதமே பேரவையைக் கலைத்தார். பெண்கள் வாசகம் படிப்பதை நிறுத்தினார். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஆத்திரம். அந்த நேரம் பார்த்து பிஷப்பின் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. திருச்சபையில் என்ன மாற வேண்டும், என்ன மாறக் கூடாது என்று மக்களிடமே கேட்டு எழுதுங்கள் என்று அதில் இருந்தது. நானும் பாடற்குழுப் பெண்கள் நால்வரும் வீடு வீடாகப் படிவம் கொடுத்தோம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலை முடிந்த கையோடு, ஊசி குத்திய கையாலேயே கதவைத் தட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு படிவங்களைக் கட்டிச் சாமியாரிடம் கொடுத்தோம். அவர் கட்டைப் பிரிக்கவே இல்லை. மைக் வயர்களும் கிடக்கும் தன் அலுவலக அலமாரியில் வைத்துவிட்டு, 'எங்கள் பங்கு மக்கள் எந்த மாற்றமும் வேண்டாம் என்கிறார்கள்' என்று தானே ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். ஆயர் இல்லத்துக்கு எப்படியோ விஷயம் கசிந்தது. நேரில் கேட்க ஒரு மூத்த குருவை அனுப்புவதாகச் சொன்னார்கள். கோயிலிலேயே கூட்டம், ஆளுக்கு மூன்று நிமிடம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் நடந்ததை அண்ணி சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். அண்ணன் மைக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது சாமியார் வந்து, "உங்கள் தங்கை எழுந்ததும் நான் கண்ணாடியைக் கழற்றுவேன், மைக் பழுதானதுபோல் நிறுத்திவிடுங்கள்" என்றாராம். முடியாதென்றால் மைக்செட், அலமாரிச் சாவிக்கொத்தைக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னாராம். அண்ணன் மைக்குகளை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மட்டும் இதைச் சொன்னார். இரவு சாப்பிடவும் இல்லை. சாமியார் பேச்சை மீறுவது என்பதை அவர் கனவில்கூடச் செய்து பழகியதில்லை.

மறுநாள் என் முறை வந்தது. மூத்த குரு முன்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் படிவங்கள் எங்கே என்று நான் ஆரம்பித்ததுமே சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். என் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணாடியை மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார். அப்போதும் கேட்டது. கடைசியில் தன் மைக்கை எடுத்து, மைக்கில் ஏதோ கோளாறு, அடுத்தவர் பேசலாம் என்றார். கோளாறு என்ற சொல் எட்டு ஸ்பீக்கரிலும் துல்லியமாக ஒலித்தது. கூட்டத்தில் பலரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அண்ணன் மேசையை விட்டு எழுந்தார். நடுவழியாக நடந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். இருபத்தாறு வருடத்தில் அந்த மைக்கில் அவர் ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை.

"மைக்ல கோளாறு இல்ல. நிறுத்தச் சொல்லி எனக்கு உத்தரவு. நான் நிறுத்தல" என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இவ கேக்குற எதுவும் எனக்குப் பிடிக்காது. எதுவும் மாத்தாதீங்கன்னு நானும் ரெண்டு பக்கம் எழுதி, டேப்பு ஒட்டி, நேரா சாமி கையிலதான் குடுத்தேன். நேத்து வயர் எடுக்க அலமாரியத் திறந்தேன். ஒட்டுன டேப்பு ஒட்டுனபடி இருக்கு. இவங்க கட்டும் கட்டுனபடியே கிடக்கு. சாமி பக்கம் நிக்கிறவன் எழுதுனதையும் படிக்கல, எதிர்க்கிறவ எழுதுனதையும் படிக்கல."

மைக்கை என்னிடம் நீட்டி, "பேசு. ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார். சாவிக்கொத்தைச் சாமியார் முன் வைத்தார். பிறகு தன் மேசைக்கே திரும்பிப் போய், கூட்டம் முடியும்வரை ஒவ்வொருவர் குரலையும் சரிசெய்துகொண்டிருந்தார். போகும்போது மூத்த குரு அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கட்டைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

அந்த மேசையில் இப்போது பாடற்குழுவின் கிட்டார்காரர் உட்காருகிறார். அண்ணன் ஞாயிறு தவறாமல் வருகிறார், அதே சாமியாரிடம் முழந்தாளிட்டு நாக்கில் நற்கருணை வாங்குகிறார். மன்னிப்புக் கேட்டால் சாவி திரும்பக் கிடைக்கும் என்று கோயில்பிள்ளை தூது வந்தார். உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் நன்றி சொல்லலாம் என்று கடைக்குப் போயிருந்தேன். ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்காகப் பண்ணல. நாளைக்கு உங்க பேரவை வந்து, நீ தலைவியா உக்காந்து, பேசறவன நிறுத்தச் சொன்னாலும் இதேதான் பண்ணுவேன்" என்றார்.

வழக்கமாக இதற்கு ஒன்பது பதில் என் நாக்கு நுனியில் இருக்கும். அன்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் சேர்த்தது நூற்றுப் பன்னிரண்டு இல்லை, நூற்று இருபத்தொன்று. மாற்றமே வேண்டாம் என்று எழுதியிருந்த ஒன்பதை நான் அந்தக் கட்டோடு சேர்க்கவில்லை. அவை மாதக்கணக்கில் என் கைப்பையின் அடியில் கிடந்தன.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொன்னேன். இரண்டு பேருந்து மாறி ஆயர் இல்லத்துக்குப் போய், மூத்த குருவின் மேசையில் ஒன்பதையும் வைத்தேன். இவை என்ன என்று கேட்டார். "இது எங்களுக்கு எதிரா எழுதுனது, சாமி. நான்தான் மறைச்சு வச்சிருந்தேன். இதையும் படிங்க" என்றேன்.